மருந்தடும் பெண்டுகள் முதல் மக்களைத் தேடி மருத்துவம் வரை: மருந்தூட்டும் பணி ஒப்படைப்பின் வரலாறு – காஞ்சிபுரம் வட்டாரச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நோயாளிக்கு மருந்தைக் கையிற் கொடுத்து உட்கொள்ளச் செய்யும் பணி, மருத்துவப் பணிகள் அனைத்திலும் இறுதியானது. நோயாளிக்கு மிக அண்மையிலிருப்பதும் அதுவே. இப்பணியைப் பதிவுபெற்ற செவிலியர் தாமே செய்யவேண்டுமா, பதிவுபெறாத பணியாளரிடம் ஒப்படைக்கலாமா என்னும் வினா இன்றைய மருத்துவ நிருவாகத்தில் தீராத ஒன்றாக உள்ளது. காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு, ஓர் ஆதுலர் சாலையின் பணிகளைத் தனித்தனியே பகுத்துக் கூறுகிறது. அக்கல்வெட்டையும், 1926 முதல் இயற்றப்பட்ட செவிலியர், மருந்து, மருந்தாளுநர் சட்டங்களையும், சிற்றூர்ச் சுகாதாரத் திட்டங்களையும் ஒருசேர வைத்து நோக்கும் இக்கட்டுரை, மருந்து தொடர்பான பிற செயல்கள் யாவும் எழுத்தில் வரையறுக்கப்பட்டிருக்க, மருந்தூட்டல் மட்டும் தனிப்பெயரும் தனிவிதியும் பெறாமலே தொடர்ந்து வந்துள்ளது என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆதுலர் சாலை, திருமுக்கூடல் கல்வெட்டு, மருந்தடும் பெண்டுகள், செவிலியர் சட்டம், பணி ஒப்படைப்பு, உத்திரமேரூர், பெண் சுகாதாரத் தன்னார்வலர்.

1. முன்னுரை

தமிழக மருத்துவ வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவரையும் மருந்தையும் மையமாகக் கொண்டவை. சித்த மருத்துவ ஏடுகள், மருத்துவக் கொடைக் கல்வெட்டுகள், காலனிய மருத்துவமனைகள் ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. மருத்துவர் வகுத்த மருந்து நோயாளியைச் சென்றடையும் வழியில் எத்தனை கைகள் மாறுகின்றன, அக்கைகளுக்குரியோர் யாவர், அவர்தம் பொறுப்பை யார் வரையறுத்தனர் என்னும் வினாக்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள் (950), மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு 'உழைச்செல்வான்' என்பவனை நான்காம் கூறாக அது வைக்கிறது. சரக சம்கிதையும் மருத்துவன், மருந்து, பணிவிடையாளன், நோயாளி என நான்கு தூண்களைக் கூறிப் பணிவிடையாளனுக்குரிய பண்புகளையும் எண்ணுகிறது. பரிமேலழகர், உழைச்செல்வானை மருந்தைப் பிழையின்றி இயற்றுபவன் என்னும் பொருள்பட விளக்குகிறார். 'இயற்றுதல்' என்பது மருந்தைச் செய்தலையும் குறிக்கலாம். அதனை நோயாளிக்குச் செலுத்துதலையும் குறிக்கலாம். ஆக்குதலுக்கும் ஊட்டுதலுக்கும் இடையிலான இந்த நெகிழ்வே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

இக்கட்டுரையில் 'மருந்தூட்டல்' என்னும் சொல், வகுக்கப்பட்ட மருந்தை உரிய நோயாளிக்கு உரிய அளவில் உரிய வேளையில் கொடுத்து உட்கொள்ளச் செய்தலைக் குறிக்கிறது. 'ஒப்படைப்பு' என்பது, ஒரு பணிக்குத் தகுதியும் பொறுப்பும் உடையவர், பொறுப்பைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, செயலை மட்டும் பிறரிடம் விடுதலைக் குறிக்கிறது.

2. திருமுக்கூடல் ஆதுலர் சாலை

உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் அமைந்துள்ளது. இங்குள்ள அப்பன் பிரசன்ன வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 5 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (பொ.ஆ. 1068 அளவில்) பொறிக்கப்பட்டுள்ளது. கே.வி. சுப்பிரமணிய ஐயர் இதனை எபிகிராபியா இண்டிகா 21 ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கோயிலின் சனநாத மண்டபத்தைச் சார்ந்து வேதமும் இலக்கணமும் பயிற்றிய கல்விச்சாலை, மாணவர் உண்டுறையும் விடுதி, வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர் சாலை ஆகியன இயங்கியமையையும், அவற்றுக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவையும் இக்கல்வெட்டு விரித்துரைக்கிறது.

ஆதுலர் சாலையில் நோயாளிகள் 15 பேர் கிடந்து மருத்துவம் பெற இடமிருந்தது. அவர்க்கு நாள் ஒன்றுக்குத் தலைக்கு அரிசி ஒரு நாழி ஒதுக்கப்பட்டது. ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்கள் தொகுத்துத் தரப்பட்டுள்ளன. வாசாஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி, பில்வாதி கிருதம், வஜ்ரகல்பம், கல்யாணலவணம் முதலியன அப்பட்டியலில் உள்ளன. இலேகியம், எண்ணெய், நெய், மாத்திரை எனப் பல வடிவில் அமைந்த இம்மருந்துகள் ஆயுர்வேத மரபைச் சார்ந்தவை.

சோழர் காலத்தில் மருத்துவக் கொடை அரிதானதன்று. தஞ்சாவூரில் குந்தவை நிறுவிய சுந்தரசோழ விண்ணகர ஆதுலர் சாலை நன்கறியப்பட்டது. விக்கிரம சோழன் காலத்தில் திருவாவடுதுறையில் மருத்துவ நூல்கள் பயின்ற மாணவர்க்கு உணவளிக்க ஏற்பாடு இருந்தமையும் கல்வெட்டால் அறியப்படுகிறது. ஆயினும் ஒரு மருத்துவச் சாலையின் பணியாளரை அவரவர் செயலால் பகுத்து, ஒவ்வொருவர்க்கும் ஊதியம் வரையறுத்த வகையில் திருமுக்கூடல் கல்வெட்டு தனித்து நிற்கிறது.

அக்கல்வெட்டு கூறும் பணியாளர் வருமாறு:

அ) மருத்துவன் ஒருவன். ஆலப்பாக்கத்துச் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் எனப் பெயர் சுட்டப்படுகிறான்.
ஆ) சல்லியக்கிரியை பண்ணுவான், அதாவது அறுவை மருத்துவம் செய்பவன், ஒருவன்.
இ) மருந்து பறித்தும் விறகு கொணர்ந்தும் பணிசெய்வார் இருவர்.
ஈ) நோயாளிகளுக்கு வேண்டுவன செய்து மருந்து அடும் பெண்டுகள் இருவர்.
உ) நாவிதன் ஒருவன், தண்ணீர் கொணர்வான் ஒருவன்.

இப்பட்டியலில் தனிப்பெயர் பெறுபவன் மருத்துவன் ஒருவனே. ஏனையோர் செயலால் மட்டுமே அறியப்படுகின்றனர்.

3. 'மருந்து அடும்': சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வரலாற்று நூல்களும் அவற்றைப் பின்பற்றிய தமிழ் நூல்களும் 'மருந்தடும் பெண்டுகள்' என்போரை நர்சுகள் அல்லது செவிலியர் என்று குறிக்கின்றன. நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுத்த பெண்கள் என்பது அவற்றின் விளக்கம். சோழர் காலத்திலேயே செவிலியர் இருந்தனர் என்னும் பெருமிதக் கூற்றுக்கு இவ்விளக்கமே அடிப்படை.

சொல்லை நேரே நோக்கினால் வேறொரு பொருள் புலனாகிறது. 'அடுதல்' என்பது சமைத்தல், காய்ச்சுதல் என்னும் பொருளது. அடுப்பு, அடுக்களை, அட்டில் ஆகிய சொற்கள் இவ்வேரினின்று பிறந்தவை. ஆகவே 'மருந்தடும்' என்பதன் நேர்ப்பொருள் மருந்தைக் காய்ச்சுகின்ற, பக்குவம் செய்கின்ற என்பதாகும். பறிப்பார் இருவர் மூலிகையும் விறகும் கொணர, பெண்டுகள் இருவர் அவற்றை அடுப்பேற்றினர் எனக் கொள்ளின், கல்வெட்டில் இவ்விரு பிரிவினரும் அடுத்தடுத்து நிற்றலின் பொருத்தமும் விளங்கும்.

இவ்வாறு கொள்வதால் அப்பெண்டுகள் மருந்தூட்டவில்லை என்று முடிவு செய்தல் பொருந்தாது. நோயாளிகளுக்கு வேண்டுவன செய்தலும் அவர் பணியாகச் சொல்லப்படுகிறது. ஒரு மருத்துவனும் ஓர் அறுவையாளனும் மட்டுமே உள்ள சாலையில், 15 பேர்க்கு வேளைதோறும் மருந்து கொடுத்தவர் அதனைக் காய்ச்சிய பெண்டுகளே என ஊகிப்பது இயல்பானது. ஆனால் அது ஊகமே. கல்வெட்டு, பறித்தலுக்கு ஒரு வினைச்சொல்லைத் தருகிறது. அறுத்தலுக்கு ஒன்றைத் தருகிறது. காய்ச்சுதலுக்கு ஒன்றைத் தருகிறது. ஊட்டுதலுக்குத் தனிவினை எதனையும் தரவில்லை. பொதுவான பணிவிடைக்குள் அது அடங்கிவிடுகிறது.

குறளின் உழைச்செல்வான் ஆண்பாற் சொல். கல்வெட்டில் அவ்விடத்தில் நிற்போர் பெண்டுகள். நூல் மரபு ஆணாக உருவகித்த பணியை நடைமுறையில் பெண்கள் செய்தனர் என்பது இதனால் அறியப்படும். இந்த இடைவெளியும் பின்னைய வரலாற்றில் தொடர்வது நோக்கத்தக்கது.

4. நெல்லளவு காட்டும் படிநிலை

பணியின் மதிப்பைக் கல்வெட்டு ஊதியத்தால் காட்டுகிறது. மருத்துவனுக்கு நாள் ஒன்றுக்கு நெல் மூன்று குறுணி. ஆண்டுக்கு 90 கலம். இதனோடு எட்டுக் காசும் உண்டு. அறுவையாளனுக்கு நாளுக்கு ஒரு குறுணி. ஆண்டுக்கு 30 கலம். மருந்து பறிப்பார் இருவர்க்குத் தலைக்கு ஒரு குறுணி வீதம் ஆண்டுக்கு 60 கலம். மருந்தடும் பெண்டுகள் இருவர்க்குத் தலைக்கு நான்கு நாழி வீதம் ஆண்டுக்கு 30 கலம். நாவிதனுக்கு 15 கலம்.

எட்டு நாழி ஒரு குறுணி ஆதலின், நெல்லளவை மட்டும் கொண்டு ஒப்பிட்டால் மருத்துவன், அறுவையாளன், பறிப்போன், மருந்தடும் பெண் ஆகியோர்தம் நாளூதியம் முறையே 6 : 2 : 2 : 1 என்னும் விகிதத்தில் அமைகிறது. மருந்தைப் பக்குவம் செய்து நோயாளியோடு இருந்த பெண்ணின் ஊதியம், மூலிகை பறித்து வந்தவன் ஊதியத்தில் பாதி. நாவிதனுடைய ஊதியத்துக்கு நிகர். சோழர் காலக் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படும் ஐந்துக்கு இரண்டு என்னும் குற்றல் வீதத்தைக் கொண்டு கணக்கிட்டால், நான்கு நாழி நெல் 1.6 நாழி அரிசியாகும். நோயாளி ஒருவர்க்கு ஒதுக்கிய நாளுணவு ஒரு நாழி அரிசி. அப்பெண்ணின் நெல்லூதியம் நோயாளி இருவரின் உணவுக்கும் எட்டாத அளவினது.

திருமுக்கூடல் ஆதுலர் சாலையை நவீன மருத்துவமனையின் முன்னோடியாகக் காட்டுவது எளிது. அதன் கணக்கைப் படிக்கும்போது வேறொன்றும் புலனாகிறது. பணி நோயாளியை நெருங்க நெருங்க ஊதியமும் பெயரும் குறைகின்றன. மருந்துகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கல்லில் ஏறின. அவற்றைக் காய்ச்சிய பெண்களின் பெயர்கள் ஏறவில்லை.

5. பதிவுச் சட்டங்களின் காலம்

காலனிய ஆட்சியில் மருந்துப்பணி புதிய முறையில் பகுக்கப்பட்டது. மருத்துவமனையிலும் மருந்தகத்திலும் மருந்து கலந்தவர் 'கம்பவுண்டர்' எனப்பட்டார். நோயாளிக்குப் பணிவிடை செய்தவர் 'நர்சு' எனப்பட்டார். துப்புரவும் தூக்கிச் செல்லுதலும் ஆயாவுக்கும் வார்டுபாய்க்கும் உரியவாயின. கல்வெட்டில் 'அடும்' என்னும் ஒரே சொல்லின் நிழலில் நின்ற ஆக்கலும் ஊட்டலும் இப்போது இருவேறு தொழில்களாயின. அகப்பாடல் மரபில் வளர்ப்புத் தாயைக் குறித்த 'செவிலி' என்னும் சொல், பிற்காலத்தில் 'செவிலியர்' என மருத்துவத் தொழிற்பெயராகப் பொருள் மாறி வழங்கலாயிற்று.

தொழில் பிரிந்தபின் பதிவுச் சட்டங்கள் வந்தன. 1926 ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் சட்டம், மாகாணத்தில் இத்தொழில்களைச் செய்வோரைப் பதிவேட்டில் கொணர்ந்தது. இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947 இல் இயற்றப்பட்டது. செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர், சுகாதாரப் பார்வையாளர் ஆகியோரின் பயிற்சிக்கு நாடு முழுவதும் ஒரே தரம் வகுப்பது அதன் நோக்கம். இவ்விரு சட்டங்களும் செவிலியர் யார் என்னும் வினாவுக்கு விடை கூறின. செவிலியர் மட்டுமே செய்யத்தக்க செயல்கள் எவை, பிறரிடம் விடத்தக்கவை எவை என்னும் வினாவை அவை தொடவில்லை.

அக்காலத்து நிலைமையைக் கருதினால் இதற்குக் காரணம் விளங்கும். சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946 இல் அளித்த அறிக்கையின்படி, பிரித்தானிய இந்தியாவில் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்னும் நிலையே இருந்தது. செவிலியரே இல்லாத சிற்றூரில், செவிலியர் தம் பணியைப் பிறரிடம் ஒப்படைக்கலாமா என்னும் வினா எழ வழியில்லை. அங்கு மருந்தூட்டியவர்கள் தாயரும் பாட்டியரும் நாட்டு மருத்துவச்சிகளுமே.

6. சட்டம் பிரித்த செயல்கள்

மருந்து நோயாளியை அடையும் வழியை நான்கு செயல்களாகப் பகுக்கலாம். அவை வகுத்தல், ஆக்கல், வழங்கல், ஊட்டல் என்பன. இவற்றைச் சட்டங்களோடு பொருத்திப் பார்ப்பது பயன்தரும்.

வகுத்தல், அதாவது இன்ன நோய்க்கு இன்ன மருந்து என முடிவு செய்தல், மருத்துவர் பதிவுச் சட்டங்களின் எல்லைக்குள் அடங்குவது. 2019 ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32 ஆம் பிரிவில், சமூகச் சுகாதார வழங்குநர் என்னும் இடைநிலைப் பணியாளர்க்கு வரையறுக்கப்பட்ட உரிமம் அளிக்க இடந்தருகிறது. குறிப்பிட்ட மருந்துகளை முதன்மை மருத்துவத்திலும் நோய்த்தடுப்பிலும் மட்டும் அவர் தாமே பரிந்துரைக்கலாம். பிற நிலைகளில் மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். வகுத்தலைக்கூட இவ்வளவு நுட்பமாக எல்லை வகுத்து ஒப்படைக்க இயலும் என்பதற்கு இப்பிரிவு சான்று.

ஆக்கலையும் விற்பனையையும் 1940 ஆம் ஆண்டின் மருந்துச் சட்டமும் 1945 ஆம் ஆண்டின் விதிகளும் ஒழுங்குபடுத்துகின்றன. மருத்துவரின் சீட்டுப்படி மருந்தைக் கலத்தலும் வழங்கலும் 1948 ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டத்துக்கு உட்பட்டவை. அதன் 42 ஆம் பிரிவு, பதிவுபெற்ற மருந்தாளுநர் அல்லாதார் அவரது நேரடி மேற்பார்வையின்றி இவற்றைச் செய்யக் கூடாது எனத் தடுக்கிறது. மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து வழங்குவதற்கு விலக்களிக்கிறது. இப்பிரிவு 1984 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கம்பவுண்டர் என்னும் பழைய தொழிலுக்கு அது முடிவுரை எழுதியது எனலாம்.

எஞ்சியது ஊட்டல். இதற்கென இவற்றைப் போன்ற தனிச்சட்டம் இல்லை. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான வேளை என்பன செவிலியர் கல்வியில் முதலாண்டிலேயே பயிற்றப்படும் நெறிகள். அவை பாடத்திட்டத்திலும் மருத்துவமனைகளின் உள்விதிகளிலும் வாழ்கின்றன. ஒப்படைப்பைப் பொறுத்தவரை, இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த தொழில்நடத்தை நெறியில் ஒரு குறிப்பு உண்டு. பொறுப்பை ஏற்கும்போதும் பிறரிடம் ஒப்படைக்கும்போதும் அவரவர் திறனைச் செவிலியர் சீர்தூக்கிப் பார்க்கவேண்டும் என்பது அதன் கருத்து. எந்த மருந்து, எவ்வகைப் பணியாளர், எவ்வளவு பயிற்சி, யாருடைய மேற்பார்வை என்பன அக்குறிப்பில் இடம்பெறவில்லை. திருமுக்கூடல் கல்வெட்டில் ஊட்டலுக்கு வினைச்சொல் இல்லாதது போலவே இன்றைய சட்டத்தொகுதியிலும் அச்செயலுக்குத் தனியிடம் இல்லை.

7. சிற்றூர்க்கு வந்த மாத்திரை

செயல் சட்டத்தில் இல்லை என்பதால் நடைமுறையில் இல்லை என்றாகாது. தமிழகச் சிற்றூர்களில் மருந்தூட்டல் பதிவுபெறாத கைகளுக்குச் சென்ற வரலாற்றில் மூன்று கட்டங்களைக் காணலாம்.

முதற்கட்டம் காசநோய் மருத்துவம். சென்னையில் 1956 இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், 193 நோயாளிகளை வீட்டில் மருத்துவம் பெறுவோர், சானடோரியத்தில் தங்கி மருத்துவம் பெறுவோர் என இரு பிரிவாக்கி ஆராய்ந்தது. வீட்டிலேயே ஓராண்டுக்காலம் மருந்து உட்கொண்டோரும் சானடோரியத்தில் இருந்தோர்க்கு நிகரான பயனைப் பெற்றனர் என்பது 1959 இல் வெளியான முடிவு. அறிவிப்பின்றி வீட்டுக்குச் செல்லுதல், எஞ்சிய மாத்திரைகளை எண்ணுதல், சிறுநீரைச் சோதித்தல் ஆகியவற்றால் மருந்து உட்கொள்ளப்பட்டமை உறுதிசெய்யப்பட்டது. உலகக் காசநோய் மருத்துவத்தை மாற்றிய இம்முடிவின் ஒரு விளைவு, மருந்தூட்டல் மருத்துவமனைச் சுவரைக் கடந்தமையாகும். பின்னர், 1997 முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், அங்கன்வாடிப் பணியாளரும் ஊர்த் தன்னார்வலரும் நோயாளி தம் கண்முன்னே மருந்து விழுங்குவதை உறுதிசெய்வோராயினர்.

இரண்டாம் கட்டம் சமூகச் சுகாதாரப் பணியாளர் முறை. நடுவண் அரசு 1977 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டம், ஊரிலிருந்தே ஒருவரைத் தெரிந்து குறுகியகாலப் பயிற்சி அளித்து எளிய மருந்துகளை அவர் கையில் கொடுத்தது. தமிழ்நாட்டில் இதற்கு இணையாக மினி சுகாதார மைய முறை அமைந்தது. மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி 1958 இல் சென்னையில் நிறுவிய தன்னார்வச் சுகாதாரச் சேவை நிறுவனம், காஞ்சிபுரமும் உத்திரமேரூரும் அப்போது அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இம்மையங்களை நடத்தியது. மருந்து விதிகளின் 'கே' அட்டவணை, அரசுச் சுகாதாரத் திட்டங்களின்கீழ் மருந்து அளிக்கும் பல்நோக்குப் பணியாளர், சமூகச் சுகாதாரத் தன்னார்வலர், துணைச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் முதலியோர்க்கு விற்பனை உரிமத்திலிருந்து விலக்களிக்கிறது. இவ்விலக்கு உரிமம் பற்றியது மட்டுமே. ஒப்படைத்தவர் யார், பிழை நேரின் பொறுப்பு யாருடையது என்பவற்றுக்கு அதில் விடையில்லை.

மூன்றாம் கட்டம் மக்களைத் தேடி மருத்துவம். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளவிடுகின்றனர். மருத்துவர் உறுதிசெய்த நோயாளிகளுக்கு மாதந்தோறும் மாத்திரைகளை வீட்டில் சேர்க்கின்றனர். ஆதரவு மருத்துவச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் உடன் செயற்படுகின்றனர். ஐக்கிய நாடுகள் அவையின் பல்துறைப் பணிக்குழு விருது 2024 இல் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. அப்பெண்கள் பெறுவது ஊக்கத்தொகை. அவர்தம் பெயர் தன்னார்வலர்.

மூன்று கட்டங்களிலும் பயன் மெய்யானது. ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் பேருந்தேற இயலாத முதியவர்க்கு வீட்டு வாசலில் மாத்திரை கிடைப்பது உயிர் காக்கும் செயல். அதனைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் மாத்திரையைக் கொடுக்கும் அவ்வேளையில் முதியவர், கால் வீங்குகிறது, பழைய மாத்திரையும் மீதமிருக்கிறது, இரண்டையும் சேர்த்து உண்ணலாமா என்று கேட்கக்கூடும். அவ்வினாவுக்குத் தன்னார்வலர் சொல்லும் விடை வழங்கலைக் கடந்து ஊட்டலுக்குள்ளும், சிலவேளை வகுத்தலுக்குள்ளும் சென்றுவிடுகிறது. அவர் எங்கே நிற்கவேண்டும், யாரைக் கேட்கவேண்டும் என்பது எழுதப்பட்டிருந்தால் அவ்வெழுத்து நோயாளியைக் காக்கும். அதே அளவுக்கு அப்பெண்ணையும் காக்கும்.

8. எழுதப்பட்ட ஒப்படைப்பு: ஒப்பீடு

பிற நாடுகளில் இவ்வெல்லை எழுத்தில் வகுக்கப்பட்டுள்ளது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் செவிலியர் வாரியங்களின் விதிகளே இதனை ஒழுங்குபடுத்துகின்றன. அங்குள்ள மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய மன்றம், ஒப்படைப்புக்கு ஐந்து நெறிகளை முன்வைத்துள்ளது. சரியான பணி, சரியான சூழல், சரியான நபர், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வை என்பன அவை. செயல் கைமாறினாலும் நோயாளியின் நிலையை மதிப்பிடும் பொறுப்பு செவிலியரிடமே நிற்கும் என்பது இந்நெறிகளின் உட்கிடை. உலகச் சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட பணிப்பகிர்வு வழிகாட்டி 22 பரிந்துரைகளைக் கொண்டது. தரமான பயிற்சி, மேற்பார்வை, உரிய ஊதியம் ஆகியன இன்றிப் பணியை இடம்மாற்றலாகாது என்பது அதன் சாரம். நிலைத்த சுகாதாரச் சேவையைத் தன்னார்வ உழைப்பை மட்டும் நம்பி நடத்த இயலாது என்பதையும் அது வலியுறுத்துகிறது.

இவ்விதிகளை அவ்வாறே எடுத்துக்கொள்ளுதல் இயலாது. அமெரிக்க விதி, ஒப்படைக்கும் செவிலியர் ஒருவர் இருப்பதை முன்னிறுத்துகிறது. நம் சிற்றூரில் கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவரின் எல்லைக்குள் பல ஊர்கள் அடங்கும். தன்னார்வலருக்குப் பணியைத் தருவது பெரும்பாலும் திட்டமே, செவிலியர் அன்று. ஆகவே ஒப்படைப்பவர் இல்லாத ஒப்படைப்பு என்னும் விந்தையான நிலை இங்கு உருவாகியுள்ளது.

9. உத்திரமேரூர் தரும் படிப்பினை

எழுதப்பட்ட தகுதியும் பொறுப்பும் இவ்வட்டாரத்துக்குப் புதியன அல்ல. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921), ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேரும் முறையை வகுக்கின்றன. குடவோலை முறை என்ற அளவில் இவை மக்களாட்சி வரலாற்றில் பெரிதும் பேசப்படுகின்றன. பணி ஒப்படைப்பு என்னும் நோக்கில் இவற்றின் வேறு கூறுகள் கருதத்தக்கன. வாரியத்தில் இருப்பவர்க்குரிய வயது 35 முதல் 70 வரை என எண்ணால் எழுதப்பட்டது. பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலையில் இடம்பெற இயலாது. முதற்கல்வெட்டின் குறைகளை ஈராண்டுக்குள் இரண்டாம் கல்வெட்டு திருத்தியது.

நிலமுடைய, வேதமறிந்த ஆடவர்க்கு மட்டுமே உரிய அமைப்பு அது. இன்றைய சமூக நீதி நோக்கில் அதனை முன்மாதிரியாகக் கொள்ள இயலாது. ஆயினும் பொறுப்பை ஒப்படைக்கும் முன் யாருக்கு, எவ்வளவு காலம், யாரிடம் கணக்கு என்பதை எழுதிவைக்கும் வழக்கம் அதில் தெளிவாக உள்ளது. குளத்தையும் தோட்டத்தையும் பொன்னையும் காப்பவர்க்கு அவ்வளவு விரிவான விதி இருந்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், அண்மையிலுள்ள திருமுக்கூடலில், மருந்தை நோயாளியிடம் சேர்த்த பெண்டுகளுக்கு நெல்லளவு மட்டுமே எழுதப்பட்டது.

10. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு. முதலாவது, திருமுக்கூடல் கல்வெட்டின் 'மருந்தடும் பெண்டுகள்' என்னும் தொடர் மருந்து காய்ச்சுதலையே நேராகக் குறிக்கிறது. செவிலியர் என்னும் இன்றைய சொல்லால் அதனைப் பெயர்ப்பது, ஊட்டுதலுக்குக் கல்வெட்டில் இல்லாத தெளிவை ஏற்றுவதாகும். இரண்டாவது, 1926 முதல் எழுந்த சட்டங்கள் வகுத்தலையும் ஆக்கலையும் வழங்கலையும் எல்லை கட்டின. ஊட்டலைப் பாடத்திட்டத்துக்கும் வழக்கத்துக்கும் விட்டன. மூன்றாவது, எழுதப்படாத அவ்விடத்திலேயே பதிவுபெறாத பணியாளரிடம் மருந்துப்பணி ஒப்படைக்கப்படுகிறது; அப்பணியாளர் பெரும்பாலும் குறைந்த வருவாயுடைய பெண்கள்.

1947 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டுள்ளது. அதன்கீழ் விதிகள் வகுக்கப்படும்போது, சிற்றூர்த் தன்னார்வலரின் பணிக்கு நான்கு செய்திகளையேனும் எழுத்தில் தருதல் வேண்டும். அவர் கொடுக்கத்தக்க மருந்துகளின் பட்டியல், கொடுக்காது நிறுத்தவேண்டிய நிலைகள், அவ்வேளையில் அணுகவேண்டிய செவிலியரின் பொறுப்பு, பணிக்குரிய ஊதியம் என்பன அவை. மருந்துப் பட்டியலும் ஊதியமும் திருமுக்கூடல் கல்லிலேயே உள்ளன. ஏனைய இரண்டையும் அக்கல் எழுதவில்லை. இன்றைய விதிகளும் இன்னும் எழுதவில்லை.